மான் வேட்டை லைசென்ஸ்: டெக்சாஸ், பென்சில்வேனியா, விஸ்கான்சின், கொலராடோ – எது யாருக்கு?

அமெரிக்காவில் முதல்முறையாக மான் வேட்டைக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது "லைசென்ஸ் எவ்வளவு?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த லைசென்ஸோடு வரும் டேக் (ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு) எந்த மானுக்கு, எந்த நிலத்தில், எந்த நாட்களில் செல்லும்? லைசென்ஸ் வேட்டையாடும் உரிமையைத் தருகிறது. டேக் ஒரே ஒரு மானை உங்களுடையதாக்கும் உரிமையைத் தருகிறது. லைசென்ஸ் கையில் இருந்தும் பொருந்தும் டேக் இல்லாமல் மானைச் சுட்டால், லைசென்ஸே இல்லாமல் சுட்டவரின் நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவீர்கள்.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டை லைசென்ஸ் என்ற ஏற்பாட்டையே முடித்துவிட்டன. புள்ளிமானையோ கடமானையோ தொட்டால் சிறைதான். அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் ஏராளம். எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேட்டையையே மாநில அரசுகள் கருவியாக வைத்திருக்கின்றன. எந்தப் பகுதியில் எத்தனை டேக் விற்பது என்பதை வனவிலங்குத் துறையின் உயிரியலாளர்கள் ஆண்டுதோறும் கணக்கிடுகிறார்கள். டேக் விதிகள் ஏன் இவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன என்பதற்கு இதுவே காரணம். பெண் மான்களை எத்தனை எடுக்கிறோம் என்பதுதான் அடுத்த ஆண்டின் மந்தை அளவைத் தீர்மானிக்கிறது. ஆண் மான் எண்ணிக்கைக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. அதனால்தான் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் கொம்புள்ள மானுக்கு ஒரு டேக், கொம்பில்லா மானுக்கு வேறு டேக்.

மாநிலங்களை ஒப்பிடுமுன் சொல்வரையறை ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொம்பில்லா மான் என்றால் பெண் மான் மட்டும் இல்லை. பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் கொம்பு 3 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், ஆண் குட்டியும் கொம்பில்லா மான் கணக்கில்தான் வரும். தலையில் இரண்டு புடைப்புகள் மட்டும் உள்ள ஆண் குட்டியைச் சுட்டுவிட்டு அதற்குக் கொம்புள்ள மான் டேக்கைக் கட்டுவது, புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. டெக்சாஸில் அளவுகோல் வேறு. அங்கே தோலைத் துளைத்துக்கொண்டு கெட்டிக் கொம்பு வெளியே வந்திருந்தாலே அது ஆண் மான்.

விசாவில் இருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது

எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பகுதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். குடியேற்ற விசா அல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டம். அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை விலகும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடையே இல்லை.

இதனால் காரியங்களைச் செய்யும் வரிசை மாறுகிறது. முதலில் ஹன்ட்டர் எஜுகேஷன் (வேட்டைப் பயிற்சி) வகுப்பை ஆன்லைனில் முடியுங்கள். அடுத்து வேட்டை லைசென்ஸ் வாங்குங்கள். அதன் பிறகுதான் துப்பாக்கிக் கடையிலோ சுடும் பயிற்சிக் களத்திலோ துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டும். நண்பருடைய ரைஃபிளைப் பயிற்சிக் களத்தில் ஐந்து நிமிடம் பிடித்தாலும் சட்டத்தின் பார்வையில் அது 'வைத்திருத்தல்' ஆகலாம். கடையில் வாங்கும்போது 4473 எண் படிவம் நிரப்ப வேண்டும். அதில் விசா நிலை பற்றிய கேள்விக்கு உண்மையான பதிலைத் தந்து, ஐ-94 எண்ணையும் வேட்டை லைசென்ஸையும் காட்டுங்கள். மாநிலச் சட்டம் தனியாக எதையாவது கேட்கலாம் என்பதால், வாங்குமுன் அதையும் பார்த்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாமல் போகும் ஆபத்து லைசென்ஸ் முடியும் தேதியில் இருக்கிறது. டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31இல் முடியும். பென்சில்வேனியாவில் ஜூன் 30. வேட்டைக் காலம் முடிந்துவிட்டதே என்று புதுப்பிக்காமல் விட்டால், அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கி மறுநாள் காலையிலிருந்து சட்டவிரோதமாகிவிடும். டெக்சாஸில் அடுத்த ஆண்டுக்கான லைசென்ஸ் ஆகஸ்ட் 15 அன்றே விற்பனைக்கு வருகிறது. அந்த வாரத்திலேயே வாங்கிவிட்டால் இடைவெளி விழாது. கணவன், மனைவி இருவருமே விசாவில் இருந்து, இருவருக்கும் துப்பாக்கி எட்டும் இடத்தில் இருந்தால், இருவர் பெயரிலும் லைசென்ஸ் இருப்பது நல்லது.

இந்தச் சிக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு வில் நல்ல வழி. வில்லும் குறுக்குவில்லும் (கிராஸ்போ) கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கி ஆகாது. விசா நிலையில் இருந்துகொண்டு வேட்டையைக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு நாம் முதலில் சொல்வது இதைத்தான்.

மாநிலக் குடிவாசி என்ற தகுதிக்குக் குடியுரிமை தேவையில்லை, அங்கே வசித்தால் போதும். டெக்சாஸிலும் கொலராடோவிலும் ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும், விஸ்கான்சினில் 30 நாள். லைசென்ஸ் வாங்கும்போது சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். எச்-4 விசாவில் இருப்பவர்களைப் போல அந்த எண் இல்லாதவர்கள் ஆன்லைனில் மல்லுக்கட்டாமல், விற்பனை முகவரின் கவுண்டருக்கு நேரில் போய்க் கேட்பது எளிது.

டெக்சாஸ்: டேக் நிறைய, நிலம் குறைவு

டெக்சாஸ் குடிவாசிக்கு வேட்டை லைசென்ஸ் 25 டாலர். அதிலேயே வெள்ளைவால் மானுக்கு 5 டேக் வந்துவிடும். மூன்றை ஆணுக்கோ கொம்பில்லா மானுக்கோ பயன்படுத்தலாம், மீதி இரண்டு கொம்பில்லா மானுக்கு மட்டும். வில் சீசனுக்கு 7 டாலர் கூடுதல். மீன்பிடிப்பையும் இதுபோன்ற எல்லாக் கூடுதல் அனுமதிகளையும் சேர்த்த சூப்பர் காம்போ லைசென்ஸ் 68 டாலர். 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 7 டாலர்தான். பிள்ளை வெளிமாநிலத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் அதே விலை என்பது பலர் கவனிக்காத சலுகை.

வெளிமாநிலப் பெரியவருக்கு 315 டாலர். இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. 48 டாலருக்கு ஐந்து நாள் சிறப்பு லைசென்ஸ் ஒன்று விற்கிறார்கள். அது வெள்ளைவால் மானுக்குச் செல்லாது. விலையைப் பார்த்து அதை வாங்கிக்கொண்டு வந்தால், மான் டேக் ஒன்றுகூட உங்களிடம் இருக்காது.

ஐந்து டேக் இருக்கிறது என்பதால் ஐந்து மான் எடுக்கலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். ஐந்து என்பது மாநிலம் முழுவதற்குமான உச்சவரம்பு. மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டிக்கும் தனி வரம்பு உண்டு. ஒரே ஒரு ஆண் மானை மட்டும் அனுமதிக்கும் கவுண்டிகள் உண்டு. கொம்பில்லா மானை நவம்பரில் சில நாட்கள் மட்டும் எடுக்கலாம் என்கிற கவுண்டிகளும் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட கவுண்டிகளில் கொம்பு விதி வேறு இருக்கிறது. ஒரு பக்கமாவது கிளை பிரியாத கொம்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் இரு கொம்புகளுக்கும் இடையே உள்ளளவு 13 அங்குலமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 13 அங்குலம் தாண்டிய ஆண் மான் ஒன்றுதான் எடுக்கலாம். நூறு கஜம் தள்ளி நிற்கும் மானுக்கு அங்குலக் கணக்கு எப்படிப் பார்ப்பது? காதுகளை விறைப்பாக நிமிர்த்தி நேராகப் பார்க்கும் மானின் ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை ஏறக்குறைய அந்த அளவு வரும். கொம்பு இரண்டு காது நுனிகளையும் தாண்டி வெளியே தெரிந்தால் மட்டும் சுடுங்கள். பக்கவாட்டில் நிற்கும் மானில் இதைக் கணிக்கவே முடியாது, அது திரும்பும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

டேக் கட்டும் முறை: மான் விழுந்த உடனே டேக்கில் மாதத்தையும் நாளையும் வெட்டி எடுத்துவிட வேண்டும், பேனாவால் புள்ளி வைப்பது செல்லாது. பண்ணை அல்லது நிலத்தின் பெயரையும் கவுண்டியையும் மையால் எழுத வேண்டும். பிறகு லைசென்ஸின் பின்பக்கத்தில் உள்ள வேட்டைப் பதிவையும் நிரப்ப வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை மறப்பவர்கள்தான் அதிகம். இருட்டில், கையில் ரத்தத்தோடு, சிறு கத்தியும் அழியாத மைப் பேனாவும் இல்லாமல் தவிப்பது எல்லோருக்கும் நேரும். இரண்டையும் லைசென்ஸோடு ஒரே ஜிப் பையில் போட்டு வையுங்கள். காகித டேக் வேண்டாம் என்பவர்களுக்கு டிஜிட்டல் லைசென்ஸ் 2022 முதல் இருக்கிறது. அதை எடுத்தால் மான் விழுந்த உடனே துறையின் செயலியில் பதிய வேண்டும். சிக்னல் இல்லாவிட்டாலும் செயலி பதிவை ஏற்கும், ஆனால் போனில் சார்ஜ் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. நவம்பர் குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும் என்பதால், முதல் ஆண்டில் காகிதமே மேல்.

டெக்சாஸில் உண்மையான செலவு நிலத்துக்குத்தான். மாநிலத்தின் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிலம் தனியாருடையது. நிலம் வைத்திருக்கும் நண்பர் இல்லையென்றால் ஆண்டுக் குத்தகைக்குப் பணம் கொடுக்க வேண்டும், அது லைசென்ஸ் விலையைப் பல மடங்கு தாண்டிப்போகும். மாற்று வழிகள் இரண்டு. 48 டாலர் பொது வேட்டை அனுமதியை வாங்கினால் ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர் பொது நிலம் திறக்கும், அதோடு மொத்தம் 73 டாலர். இன்னொன்று, மாநிலப் பூங்காக்களிலும் வனவிலங்குப் பகுதிகளிலும் நடக்கும் குலுக்கல் வேட்டை. விண்ணப்பத்துக்கு 3 அல்லது 10 டாலர்தான். புதியவர்களுக்கு இந்தக் குலுக்கலைத்தான் பரிந்துரைப்போம். ஒதுக்கிய இடத்தில் கூட்டம் இருக்காது, நடைமுறையை அலுவலர்களே சொல்லித் தருவார்கள்.

பொது நிலத்தில் உடையில் பளீர் ஆரஞ்சு நிறம் 400 சதுர அங்குலம் கட்டாயம். தனியார் நிலத்தில் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுங்கள், மானுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு ஹன்ட்டர் எஜுகேஷன் கட்டாயம். 17 வயதுக்கு மேற்பட்டவர் முழுவதும் ஆன்லைனில் முடிக்கலாம். நேரமில்லாதவர்கள் 10 டாலர் கட்டி ஒரே ஒரு முறை தள்ளிவைக்கலாம், அப்போது லைசென்ஸ் உள்ள ஒருவர் பேச்சுக்குரல் எட்டும் தூரத்தில் கூடவே இருக்க வேண்டும். தள்ளிவைக்காமல் படித்துவிடுவதே நல்லது. ஒரு மாநிலத்தின் சான்றிதழை மற்ற மாநிலங்களும் ஏற்கும்.

பென்சில்வேனியா: ஒன்று லைசென்ஸில், மற்றது யூனிட்டில்

குடிவாசிப் பெரியவருக்கு 20.97 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 101.97. இதோடு வருவது கொம்புள்ள மானுக்கான ஒரே ஒரு டேக். அது மாநிலம் முழுக்கச் செல்லும், லைசென்ஸ் ஆண்டு முழுவதற்கும் அந்த ஒன்றுதான். ஆயுதத்தை மாற்றினாலும் இரண்டாவது ஆண் மான் கிடையாது.

கொம்பில்லா மானுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். குடிவாசிக்கு 6.97, வெளிமாநிலத்தவருக்கு 26.97 டாலர். இது ஒரு குறிப்பிட்ட வனவிலங்கு மேலாண்மை யூனிட்டுக்கு மட்டுமே செல்லும். மாநிலத்தில் 22 யூனிட்கள் இருக்கின்றன. யூனிட் எல்லை பெரும்பாலும் நெடுஞ்சாலையையோ ஆற்றையோ ஒட்டிப் போகும். சாலையின் இந்தப் பக்கம் செல்லும் டேக் அந்தப் பக்கம் செல்லாது. வாங்குமுன் வேட்டையாடப் போகும் காட்டின் வாகன நிறுத்துமிடத்தை வரைபடத்தில் குறித்து, அது எந்த யூனிட் என்று உறுதி செய்யுங்கள். வீட்டு முகவரி எந்த யூனிட்டில் இருக்கிறதோ அதற்கே வாங்கிவிட்டு, வேட்டைக்கு இரண்டு மணி நேரம் வடக்கே காரோட்டிப் போகும் தவறு ஆண்டுதோறும் நடக்கிறது.

2023க்கு முன்பு இந்த லைசென்ஸுக்கு இளஞ்சிவப்பு உறையில் காசோலை வைத்துக் கவுண்டிக் கருவூல அலுவலருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். இப்போது ஆன்லைனிலோ எந்த முகவரிடமோ நேரடியாக வாங்கலாம். ஜூன் மாத நான்காவது திங்கட்கிழமை குடிவாசிகளுக்குத் திறக்கும், வெளிமாநிலத்தவருக்கு இரண்டு வாரம் கழித்து. சில யூனிட்களில் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடும். பிட்ஸ்பர்கைச் சுற்றிய 2பி, பிலடெல்பியாவைச் சுற்றிய 5சி, 5டி ஆகியவற்றில் ஒதுக்கீடு தாராளம். அங்கே பிரச்சினை நிலம்தான். வீட்டுத் தோட்டங்களில் மான்கள் திரியும், அம்பு விடுவதற்குக்கூட நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும்.

வில் சீசனுக்கு 16.97, முன்வாய் மருந்துத் துப்பாக்கி (மசில்லோடர்) சீசனுக்கு 11.97 டாலர் கூடுதல். குடிவாசி ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினாலும் 56.88 டாலர்தான் வரும். குறுக்குவில் வில் சீசன் முழுக்க எல்லோருக்கும் அனுமதி. விசாவில் இருப்பவருக்கு இது பெரிய வசதி.

கொம்பு விதி டெக்சாஸைப் போல அகலம் பார்ப்பதில்லை, கிளைகளை எண்ணுகிறது. பெரும்பாலான யூனிட்களில் ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளைகள் இருந்தால் போதும். மேற்கே 1ஏ, 1பி, 2ஏ, 2பி, 2டி யூனிட்களில் நெற்றியோரக் கிளையை விட்டுவிட்டு மூன்று எண்ண வேண்டும். விடியற்காலை மங்கலில் நெற்றியோரக் கிளை தெரியாது என்பதால் இந்த விதி அங்கே வேட்டைக்காரருக்குச் சாதகம்தான். மேல்நோக்கிய கிளைகளை மட்டும் எண்ணினால் போதும். ஒருவேளை தவறான மானைச் சுட்டுவிட்டால், மறைக்காமல் மாநில வனவிலங்குத் துறையான கேம் கமிஷனுக்கு உடனே போன் செய்யுங்கள். தானே முன்வந்து சொல்பவருக்குச் சட்டமே தளர்வு தருகிறது. மானைப் புதரில் விட்டுப் போனவருக்கு அது கிடையாது.

உடலை நகர்த்துமுன் டேக்கை நிரப்பிக் காதில் கட்ட வேண்டும். பத்து நாட்களுக்குள் ஆன்லைனிலோ போனிலோ பதிய வேண்டும். பளீர் ஆரஞ்சு தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்த்து 250 சதுர அங்குலம்.

டெக்சாஸோடு ஒப்பிடுகையில் பென்சில்வேனியாவின் பெரும் பலம் நிலம். கேம் கமிஷனின் ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் மட்டும் 15 லட்சம் ஏக்கர். லைசென்ஸ் இருந்தால் தனிக் கட்டணம் கிடையாது. துப்பாக்கி சீசன் நன்றியறிதல் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. நீண்டகால ஞாயிறு வேட்டைத் தடையை 2025இல் சட்டம் நீக்கிவிட்டது. அதற்காக எல்லா ஞாயிறும் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம், அந்த ஆண்டின் பட்டியலைப் பாருங்கள். வார நாளில் விடுப்பு எடுக்க முடியாதவருக்கு இது பெரிய மாற்றம்.

இங்கே முன்பு லைசென்ஸ் வைத்திராத எவருக்கும், வயது எதுவானாலும், வேட்டைப் பயிற்சி கட்டாயம். பிறந்த ஆண்டை வைத்து விலக்கு இல்லை.

விஸ்கான்சின்: காகிதம் இல்லை, கடிகாரம் உண்டு

துப்பாக்கி மான் லைசென்ஸ் குடிவாசிக்கு 24 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 200. ஆண் மானுக்கான ஓர் அனுமதி மாநிலம் முழுக்கச் செல்லும். கொம்பில்லா மானுக்கான அனுமதி மூன்று விதமாகக் கட்டுப்பட்டது: மண்டலம், யூனிட், நில வகை. தனியார் நிலத்துக்கென எடுத்த அனுமதி வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள பொது நிலத்தில் செல்லாது. ஆன்லைனில் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கடைசிக் கட்டத்தை அவசரமாகத் தட்டிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் பலர். வில்லுக்குத் தனி லைசென்ஸ், துப்பாக்கி லைசென்ஸில் அது அடங்காது.

2017 முதல் காகித டேக்கை மானில் கட்ட வேண்டியதில்லை. அதற்குப் பதில், மான் கைக்கு வந்த மறுநாள் மாலை 5 மணிக்குள் ஆன்லைனிலோ போனிலோ அனுமதி எண்ணைக் கொண்டு பதிய வேண்டும். பென்சில்வேனியாவின் பத்து நாளுக்குப் பழகியவர் இங்கே வந்தால் இந்த ஐந்து மணிதான் இடறும். சனிக்கிழமை மானை எடுத்தவர் வடக்குக் காடுகளில் சிக்னல் கிடைக்காத தங்குமிடத்தில் ஞாயிறு இரவு வரை இருந்துவிட்டு, திங்களன்று வீட்டில் பதியலாம் என்று நினைத்தால் காலம் கடந்திருக்கும்.

இந்த நான்கு மாநிலங்களில் விஸ்கான்சினுக்கே உரிய வசதி கூட்டு வேட்டை. துப்பாக்கியோடு குழுவாக வேட்டையாடும்போது ஒருவர் மற்றவரின் அனுமதியில் மானை எடுக்கலாம். ஆனால் அந்த மற்றவர் கண்ணுக்கோ குரலுக்கோ எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போன், வாக்கி-டாக்கி கணக்கில் வராது. டெக்சாஸிலும் பென்சில்வேனியாவிலும் இதே செயல் குற்றம். அங்கே கணவர் சுட்ட மானுக்கு மனைவியின் டேக்கைக் கட்டக் கூடாது. ஒரு மாநிலத்து வழக்கத்தை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். இரண்டு வார இறுதியும் விடுமுறையும் உள்ளே வருவதால் ஊரே காட்டில்தான் இருக்கும். பொது நிலத்தில் கூட்டத்தை எதிர்பாருங்கள். இடுப்புக்கு மேல் உள்ள மேலாடையில் பாதியாவது பளீர் ஆரஞ்சோ பளீர் இளஞ்சிவப்போ இருக்க வேண்டும். 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் தேவை.

கொலராடோ: காசு இருந்தால் போதாது

இங்கே மான் லைசென்ஸைக் கடையில் போய் வாங்க முடியாது, 1999 முதல் எல்லாம் குலுக்கல்தான். ஏப்ரல் தொடக்கத்தில் விண்ணப்பம் முடிந்துவிடும். செப்டம்பரில் ஆசை வந்து கேட்பவருக்கு அந்த ஆண்டு ஏறக்குறைய போனதுதான். விண்ணப்பிக்குமுன் தகுதி லைசென்ஸ் ஒன்று தனியாக வாங்கியிருக்க வேண்டும். நான்கு விருப்பங்கள் தரலாம். முதல் விருப்பம் கிடைக்கவில்லை என்றால் ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தில் கிடைத்தால் சேர்த்த புள்ளிகள் செலவாகாது. எனவே முதல் விருப்பத்தில் நல்ல யூனிட்டைப் போட்டுப் புள்ளி சேர்ப்பதும், இரண்டாவதில் எளிதில் கிடைக்கும் யூனிட்டைப் போட்டு அந்த ஆண்டே வேட்டைக்குப் போவதும் பழகியவர்களின் வழி.

விண்ணப்பத்தில் எழுதுவது ஒரு குறியீடு. டி-எம்-012-ஓ2-ஆர் என்றால் மான், ஆண், 12ஆம் யூனிட், இரண்டாவது சீசன், ரைஃபிள். ஓர் எழுத்து மாறினாலும் வேறு வேட்டை. ஆண் என்ற எழுத்துக்குப் பதில் பெண் என்ற எழுத்தைப் போட்டுவிட்டு, டேக் வந்த பிறகு கவனிப்பவர்கள் உண்டு. மாநிலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டரசு நிலம் என்பதால் நுழைவதற்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். அதற்கு ஈடாக உயரமும் பனியும் நடையும் உண்டு. ரைஃபிள் .24 காலிபருக்குக் குறையக் கூடாது. பளீர் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு 500 சதுர அங்குலமும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம். குறுக்குவில் இங்கே வில் சீசனில் செல்லாது, ரைஃபிள் சீசனில்தான் செல்லும். பென்சில்வேனியாவில் குறுக்குவில் பழகியவர் இதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும். 1949 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். டேக்கைப் பிரிப்பதும் கையெழுத்திடுவதும் மான் விழுந்த பிறகே. நேரம் மிச்சம் என்று முன்பே செய்து வைக்காதீர்கள்.

எதைத் தேர்வது?

நீங்கள் குடியிருக்கும் மாநிலத்திலேயே தொடங்குங்கள். காசு மிச்சம் என்பது பாதிக் காரணம்தான். முதல் ஆண்டில் ஆறேழு முறையாவது காட்டுக்குப் போனால்தான் மானின் நடமாட்டம் பிடிபடும், விமானச் சீட்டு எடுத்துப் போகும் மாநிலத்தில் அது நடக்காது. நான்கில் புதியவருக்கு ஏற்றது பென்சில்வேனியா என்பதே நம் தீர்மானம். காட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை, பதிவுக்குப் பத்து நாள் தவணை இருக்கிறது, 7 டாலருக்கும் குறைவாகக் கொம்பில்லா மான் டேக் கிடைக்கிறது. அந்தக் கொம்பில்லா டேக்கை முதல் ஆண்டில் கட்டாயம் வாங்குங்கள். ஆண் மானுக்காக மட்டும் காத்திருப்பவர்கள் வெறுங்கையோடு சோர்ந்து, அடுத்த ஆண்டு வருவதே இல்லை.

டெக்சாஸில் இருப்பவர் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே குலுக்கல் வேட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு, 25 டாலர் லைசென்ஸில் நிற்கட்டும். சூப்பர் காம்போ மீன்பிடிப்பவருக்கே லாபம். வெளிமாநிலத்திலிருந்து டெக்சாஸுக்கு 315 டாலர் கொடுத்து வருவது, நிலம் உறுதியான பிறகுதான் பொருள்படும். நண்பர் குழுவாகப் போகிறவர்களுக்கு விஸ்கான்சின் பொருத்தம். கொலராடோவில் இன்றே வேட்டையாடும் திட்டம் இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் விண்ணப்பித்துப் புள்ளி சேர்த்து வாருங்கள்.

ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் பறிபோனால் மற்ற மாநிலங்களிலும் போகும். 1989இல் கொலராடோ, நெவாடா, ஆரிகன் தொடங்கிய ஒப்பந்தத்தில் இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. விதி மீறி எடுத்த மானை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால், வனவிலங்குக் கடத்தலைத் தடுக்கும் லேசி சட்டத்தின்கீழ் அது கூட்டரசுக் குற்றமாகும். விசாவோ கிரீன் கார்டு விண்ணப்பமோ நிலுவையில் உள்ளவர் இதைச் சாதாரண அபராதம் என்று எண்ண வேண்டாம். சம்மன் வந்தால் அபராதத்தைக் கட்டி முடிக்குமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டுக்கு எடுத்து வரும் வழியிலும் டேக்குக்கு வேலை முடியவில்லை. மூளை, தண்டுவடம், மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் தங்கும் நாள்பட்ட மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்டது. விஸ்கான்சினில் 2002இலும், டெக்சாஸிலும் பென்சில்வேனியாவிலும் 2012இலும் தென்பட்டது. அதனால் தலையோடும் முதுகெலும்போடும் முழு மானை எல்லை தாண்டிக் கொண்டுவரப் பல மாநிலங்கள் தடை விதித்திருக்கின்றன. எலும்பு நீக்கிய கறி, சுத்தம் செய்த மண்டையோடு, தோல் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. கறியாக்கும்போது டெக்சாஸ், கொலராடோ போன்ற இடங்களில் ஆணா பெண்ணா என்பதற்கான சான்றைச் சேருமிடம் வரை விட்டுவைக்க வேண்டும். டெக்சாஸில் தலை, கொலராடோவில் உடலோடு இயல்பாக ஒட்டியிருக்கும் பாலுறுப்பு. நோய் உள்ள பகுதியில் தலையைச் சோதனைப் பெட்டியில் போடுமுன் டேக் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முடிவைத் தேட அது உதவும். இறைச்சிக் கடையில் கொடுத்தாலும் டேக் மானோடுதான் போக வேண்டும். கறி துண்டு துண்டாகி உங்கள் வீட்டு ஃப்ரீசருக்குள் போன பிறகு அதைக் கழற்றலாம்.